ஆயில் கேனோடு ஓஸ் ஊருக்கு

‘தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்’ நாவலைப் பற்றி எழுத ஒரு தகரப் பட்டறைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அந்தக் கதையில் சேர்ந்து நடக்கிற நாலு பேரில் ஒருத்தன் தலை முதல் கால் வரை தகரம். அவனைப் பற்றிப் பேச தண்டையார்பேட்டையில் என்னை விட்டால் ரெண்டு மூணு பேர் இருப்பார்கள். அவர்கள் கதைப் புத்தகம் படிக்கிற ஆட்கள் இல்லை.

எல். பிராங்க் பாம் எழுதி 1900-ல் அமெரிக்காவில் வந்த புத்தகம். நான் வாங்கியது சென்ட்ரல் பக்கம், அல்லிக்குளம் வளாகத்தில். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அந்த வியாபாரிகளுக்கு ஒதுக்கிய இடம் அது. கைடு, நோட்ஸ் என்று அடுக்கி வைத்திருப்பதற்கு நடுவே இது மாதிரி ஒன்றிரண்டு கிடைக்கும். அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறாள். அவளுக்காக வாங்கி, சாயந்திரம் பட்டறை ஓரத்தில் படிக்க ஆரம்பித்தேன். விற்காமல் கிடந்த ட்ரங்குப் பெட்டிகள் மேல் தெருப் பசங்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒரு பாரா இங்கிலீஷில் படித்து, அதையே நம்ம தமிழில் சொல்வேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அது போகிற வரைக்கும் நிறுத்தி வைப்பேன். மொத்தம் 24 அத்தியாயம். எல்லாமே சின்னச் சின்னது, வாக்கியமும் அப்படியே. இங்கிலீஷ் சுமாராகத் தெரிந்தவர்களே தைரியமாகக் கையில் எடுக்கலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கான்சாஸ் என்கிற வறண்ட ஊரில் டோரதி என்கிற சின்னப் பெண், எம் அத்தை, ஹென்றி மாமாவோடு இருக்கிறாள். கூட டோட்டோ என்று ஒரு நாய்க்குட்டி. சூறைக்காற்று வீட்டோடு அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்கிற மாய நாட்டில் இறக்குகிறது. வீடு இறங்கிய இடத்தில் ஒரு கெட்ட சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவளுடைய வெள்ளிக் காலணி டோரதிக்கு வந்து சேர்கிறது. ஊர் திரும்ப வேண்டுமென்றால் மரகத நகரத்தில் இருக்கிற மந்திரவாதியைப் பார்க்க வேண்டும். வழியில் மூளை வேண்டும் என்கிற சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டும் என்கிற தகர மரவெட்டி, தைரியம் வேண்டும் என்கிற சிங்கம் மூணும் சேர்ந்துகொள்கின்றன. செட்டு ரெடி.

முதல் அத்தியாயத்திலேயே பசங்க மடக்கினார்கள். “மாமா, புயல்னா மழ வர்ணும்ல? தெருல தண்ணி நிக்கணும்ல? இதுல இன்னா ஒரு சொட்டு கூட காணோம்?” 2016 வர்தாவில் மரம் சாய்ந்ததை வீட்டில் சொல்லக் கேட்டவர்கள், 2023 மிக்ஜாமில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள். நியாயமான கேள்விதான். அங்கே வருவது தரையைத் தொட்டுச் சுழன்றுகொண்டே வந்து சில நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகிற காற்று. நம்முடையது கடலில் கிளம்பி, ரெண்டு நாள் முன்னாடியே டிவியில் பேர் சொல்லிக்கொண்டு வருகிற ரகம். இதை விளக்கி முடிப்பதற்குள் டோரதி மேலே போய்விட்டாள்.

தகரக்காரன் வருகிற அத்தியாயத்துக்கு வருகிறேன். பாதி வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில், கோடாலியைத் தூக்கிய கையோடு அசையாமல் நிற்கிறான். மழையில் நனைந்து மூட்டு மூட்டாகத் துரு பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முனகிக்கொண்டே நின்றிருக்கிறான், யார் காதிலும் விழவில்லை. டோரதி போய் அவன் குடிசையிலிருந்து ஆயில் கேனை எடுத்து வருகிறாள். முதலில் கழுத்துக்கு எண்ணெய் விடச் சொல்கிறான். சோளக்கொல்லைப் பொம்மை அவன் தலையை ரெண்டு கையாலும் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்து இளக்குகிறது. அடுத்து கை. கோடாலியைக் கீழே இறக்கி வைத்த பிறகு கால்.

இதை எழுதியவர் ஒரு தடவையாவது இறுகிப்போன கீலைக் கையில் பிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. காசிமேட்டுக் கடல் காற்று படுகிற இடத்தில் தகரம் எப்படிக் கெடும் என்பது எங்களுக்கு அத்துப்படி. தகரம் என்று நாம் சொல்வது இரும்புத் தகடுதான். மேலே வெள்ளீயமோ துத்தநாகமோ பூசியிருக்கும். பூச்சு இருக்கிற வரைக்கும் நடு உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மூட்டில், மடிப்பில், உரசுகிற இடத்தில் பூச்சு தேய்ந்துவிடும். உப்புத் தண்ணி அங்கேதான் உட்காரும், துருவும் அங்கேதான் பிடிக்கும். கதையிலும் அவனுக்கு உடம்பு கெடவில்லை, மூட்டுதான் பிடித்துக்கொண்டது. இறுகின கீலைச் சுத்தியலால் தட்டக்கூடாது. எண்ணெய் விட்டு, ஊற விட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி எடுக்க வேண்டும். புதுப் பையன்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிற பாடத்தை, மூளையே இல்லை என்று வருத்தப்படுகிற வைக்கோல் பொம்மை தானாகச் செய்கிறது.

அதிலிருந்து அந்த ஆயில் கேன் டோரதியின் கூடையிலேயே போகிறது. இந்த நாவலின் உயிர் அந்தக் கேனில் இருக்கிறது என்பேன். இந்தச் செட்டில் யாரும் உட்கார்ந்து ‘நீ என் உயிர் நண்பன்’ என்று வசனம் பேசுவதில்லை. ஒருத்தன் உடம்பை இன்னொருத்தன் ஓட வைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். தகரக்காரனுக்கு எண்ணெய், பொம்மைக்கு வைக்கோல், டோரதிக்குச் சாப்பாடும் தூக்கமும். யாருக்கு எது தீரும், எப்போது தீரும் என்பது கூட நடக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு இடம் சொல்கிறேன். நடந்துகொண்டிருக்கும்போது தகரக்காரன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துக் கொன்றுவிடுகிறான். இதயம் இல்லாதவன் ஆயிற்றே, அழுகிறான். கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடைக் கீலில் போய் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் டோரதி ஏதோ கேட்கிறாள், இவனுக்கு வாய் திறக்கவில்லை. தாடை பிடித்துக்கொண்டது. கையைக் காட்டுகிறான், தலையை ஆட்டுகிறான். டோரதிக்குப் புரியவில்லை, சிங்கமும் முழிக்கிறது. பொம்மைதான் சட்டென்று கூடையிலிருந்து கேனைப் பிடுங்கி தாடைக்கு எண்ணெய் விடுகிறது. அதற்கப்புறம் அவன் தரையைப் பார்த்தேதான் நடக்கிறான். எறும்பு குறுக்கே வந்தால் தாண்டிப் போகிறான். பசங்க இந்த இடத்தில் சிரித்தார்கள். அக்கா பொண்ணு மட்டும், “அப்போ அவன் அழவே கூடாதா மாமா?” என்று கேட்டாள். அழலாம், துடைக்க ஆள் இருந்தால். பின்னால் மந்திரவாதி பலூனில் பறந்து போன பிறகு தகரக்காரன் அதைத்தான் கேட்கிறான்: எனக்குக் கொஞ்சம் அழ வேண்டும்போல இருக்கிறது, துண்டு எடுத்து வந்து துரு பிடிக்காமல் துடைத்துவிடுகிறாயா என்று. டோரதியும் துண்டோடு வந்து பக்கத்தில் நிற்கிறாள். குழந்தைகள் கதையில் நட்பை இவ்வளவு கச்சிதமாகக் காட்டின இடம் வேறு நான் படித்ததில்லை.

பொம்மையும் சளைத்ததில்லை. மந்திரவாதி கொல்லச் சொல்லி அனுப்பின மேற்குச் சூனியக்காரி, இவர்கள் மேல் கருந்தேனீக்களை ஏவுகிறாள். பொம்மை தன் வயிற்றிலிருந்து வைக்கோலை உருவச் சொல்லி, டோரதி, நாய், சிங்கம் மூணு பேர் மேலும் போட்டு மூடச் சொல்கிறது. வெறும் துணியாகத் தரையில் கிடக்கிறது. தேனீக்களுக்குக் கொட்டக் கிடைத்தது தகரக்காரன் மட்டும்தான், கொடுக்கு முறிந்து எல்லாம் செத்து விழுகின்றன. முடிந்ததும் வைக்கோலைத் திரும்ப அடைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். தியாகம், கியாகம் என்று ஒரு வரி கிடையாது.

சிங்கத்துக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. பாப்பி பூக்காட்டில் வாசனையிலேயே தூங்கி விழுந்துவிடுகிறது. டோரதியையும் நாயையும் பொம்மையும் தகரக்காரனும் கையைக் கோத்து நாற்காலி போட்டுத் தூக்கி வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் சதை இல்லாத அவர்கள் ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. சிங்கத்தைத் தூக்க முடியாது. அப்போது தகரக்காரன் காப்பாற்றின வயல் எலி ராணி, ஆயிரக்கணக்கில் எலிகளைக் கூப்பிடுகிறாள், ஒவ்வொன்றும் வாயில் ஒரு நூலோடு வருகிறது. தகரக்காரன் மரத்தை வெட்டி வண்டி செய்கிறான். ஆணிக்குப் பதில் மரக் குச்சி, பெரிய அடிமரத்தைத் துண்டு போட்டுச் சக்கரம். அந்த வண்டியில் சிங்கத்தை ஏற்றி எலிகள் இழுக்கின்றன. பசங்களில் ஒருத்தன் அப்பா துறைமுகத்தில் லோடு வேலை. அவன் ரொம்ப சீரியஸாக, சிங்கத்தை முதலில் வண்டி மேல் ஏற்றுவதுதான் கஷ்டம், இழுப்பது சுளுவு என்றான். புத்தகத்திலும் ஏற்றுகிற பாடுதான் பெரிய பாடு.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் நேரில் வருவதே இல்லை. தகரக்காரன் முன்னாடி சாதாரண மனுஷன், மரவெட்டி. காதலித்த பெண்ணைக் கட்டவிடாமல் தடுக்க, டோரதி வீடு விழுந்து நசுங்கின அந்தச் சூனியக்காரி அவன் கோடாலிக்கு மந்திரம் வைக்கிறாள். கோடாலி வழுக்கி ஒரு கால் போகிறது. ஒரு தகரக் கொல்லரிடம் போய்க் கால் செய்துகொள்கிறான். அடுத்த கால் போகிறது, கை போகிறது, தலையே போகிறது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கொல்லர் அளவெடுத்துத் தகரத்தில் செய்து பொருத்தி அனுப்புகிறார். தலை செய்து கொடுத்த அந்த மனுஷனுக்குக் கதையில் பேர் கூட இல்லை. இது அநியாயம் என்று நான் சொன்னபோது பட்டறைப் பையன், “வுடு மேஸ்திரி, நம்ம பேர எவன் பெட்டி மேல எழுதுறான்” என்றான்.

அந்தக் குறையை ஆசிரியர் பின்னால் கொஞ்சம் சரிக்கட்டுகிறார். மேற்குச் சூனியக்காரி ஏவின பறக்கும் குரங்குகள் தகரக்காரனை மேலேயிருந்து பாறையில் போட்டு நசுக்கிவிடுகின்றன. சூனியக்காரி செத்த பிறகு அவள் ஆண்ட விங்கி நாட்டுத் தகரக் கொல்லர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள் டோரதி. மூணு பகல், நாலு ராத்திரி வேலை செய்கிறார்கள். தட்டி, வளைத்து, ஈயம் பத்தவைத்து, பாலிஷ் போட்டு நிற்க வைக்கிறார்கள். உடம்பில் அங்கங்கே ஒட்டுப் போட்டது தெரிகிறது. அவனுக்கு அழகு மேல் கர்வம் இல்லாததால் அதை அவன் கண்டுகொள்ளவில்லை என்கிறார் ஆசிரியர். அப்படிக் கஸ்டமர் எங்களுக்கு வாய்ப்பதில்லை. சரியானதும் அவன் செய்கிற வேலை, குரங்குகள் வீசின பொம்மையின் துணி மாட்டிக்கொண்ட உயரமான மரத்தை வெட்டிச் சாய்ப்பது. துணி கிடைத்ததும் வைக்கோல் அடைத்துப் பொம்மை எழுந்துவிடுகிறது. அதற்கு முன்னாடியே, சரியாகி டோரதி முன்னால் வந்து நின்றபோது அவன் சந்தோஷத்தில் அழ, டோரதி தன் ஏப்ரன் துணியால் ஒவ்வொரு சொட்டாகத் துடைக்கிறாள். சிங்கம் வால் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, வாலே நனைந்து போய், முற்றத்து வெயிலில் காயவைக்கிறது.

இப்போது குறைகள். குழந்தைகளைப் பயமுறுத்துகிற சமாசாரம் எதுவும் வேண்டாம் என்றுதான் இந்தக் கதை எழுதினேன் என்று முன்னுரையில் சொல்கிறார் பாம். அதே ஆள் நாற்பது ஓநாய்களை வரிசையாக வர வைத்து, தகரக்காரன் கோடாலியால் ஒவ்வொன்றின் தலையையும் வெட்ட வைக்கிறார். அடுத்து நாற்பது காக்கா, பொம்மை ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகுகிறது. ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் படித்தால் இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். எங்கள் பசங்களுக்கு இதுதான் பிடித்த அத்தியாயம், அது வேறு விஷயம். அந்தச் சூனியக்காரி டோரதி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியதும் கரைந்து போகிறாள். “நம்ம தெருல இருந்தா மெட்ரோ தண்ணி லாரி வர்ற அன்னிக்கே காலி” என்று ஒரு பொடிசு சொல்ல, அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மந்திரவாதி வருகிற பகுதி நல்ல கிண்டல். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வேஷத்தில் தெரிகிற அந்த மகா மந்திரவாதி, ஓமஹா ஊரிலிருந்து பலூனில் காற்றடித்து வந்து சேர்ந்த ஒரு சர்க்கஸ்காரன்தான். மரகத நகரம் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே வருகிற எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவது. குட்டு வெளிப்பட்ட பிறகும் அவன் பொம்மையின் தலையில் தவிடும் ஊசியும் அடைக்கிறான். தகர மார்பில் தகடு வெட்டுகிற கத்திரியால் சதுரமாக ஓட்டை போட்டு, மரத்தூள் அடைத்த பட்டு இதயத்தை வைத்து, அதே சதுரத்தைத் திரும்ப வைத்துப் பத்தவைக்கிறான். பேத்தல் மந்திரவாதி என்றாலும் பற்று வேலை சுத்தம். இதயம் அவனுக்கு முன்னாடியே இருந்தது, தைரியம் சிங்கத்துக்கு முன்னாடியே இருந்தது என்று எல்லா விமர்சனத்திலும் எழுதுவார்கள். பசங்களுக்கு அதை எடுத்துச் சொல்லத் தேவையே இல்லை. பள்ளத்தைத் தாண்டும்போது சிங்கம் பயந்துகொண்டே ஒவ்வொருத்தரையும் முதுகில் ஏற்றிக் குதிக்கிறதே, அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மந்திரவாதி போன பிறகு கதை தொய்கிறது. முதல் பயணம் முடிந்து, கிளிண்டா என்கிற நல்ல சூனியக்காரியைத் தேடி ரெண்டாவது பயணம். சண்டை போடுகிற மரம், பீங்கான் மனிதர்கள் ஊர், தலையாலேயே முட்டுகிற ஆட்கள் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. பீங்கான் ஊர் பார்க்க அழகு, கதைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. அங்கே நான் கொஞ்சம் ஓட்டிவிட்டேன்.

கடைசியில் கிளிண்டா சொல்கிற சங்கதிக்குப் பசங்க கொதித்துவிட்டார்கள். காலில் கிடந்த வெள்ளிக் காலணியே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும், வந்த அன்றைக்கே போயிருக்கலாம். “அப்போ இவ்ளோ நட நடந்தது தண்டமா?” ஆனால் பொம்மை சொல்கிறது, நீ அப்படிப் போயிருந்தால் நான் சோளக்கொல்லையிலேயே கிடந்திருப்பேன். தகரக்காரன், நான் காட்டிலேயே துரு பிடித்து நின்றிருப்பேன் என்கிறான். சிங்கமும் தன் பங்குக்குச் சொல்கிறது. டோரதி பதிலுக்கு அழுது வடியவில்லை. உங்களுக்கெல்லாம் நான் உபயோகப்பட்டதில் சந்தோஷம் என்கிறாள். தகரக்காரனுக்கு எண்ணெய் விட்ட பெண் வாயில் வர வேண்டிய வார்த்தைதான். பசங்க சமாதானம் ஆகவில்லை, எனக்குப் போதுமாக இருந்தது.

1939 சினிமாவைப் பார்த்தவர்கள் அதுதான் கதை என்று நினைத்து புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். படத்தில் காலணி சிவப்பு, எல்லாமே கனவு என்று ஆகிவிடும். புத்தகத்தில் கனவு கினவு எதுவும் கிடையாது. டோரதி திரும்பி வரும்போது பறந்து போன வீட்டுக்குப் பதிலாக ஹென்றி மாமா புது வீடு கட்டியிருக்கிறார். அவள் நிஜமாகவே போய் வந்தவள்.

வாங்குகிறவர்களுக்கு: நான் வாங்கிய மலிவுப் பதிப்பு வேண்டாம். பொடி எழுத்து, படம் ஒன்று கூட இல்லை, பைண்டிங் பசை பாதிக் கதைக்குள்ளேயே விட்டுவிட்டது, நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ வரைந்த படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஊருக்கு ஊர் நிறம் மாறுவது கதையிலேயே இருக்கிறது, கான்சாஸ் சாம்பல், டோரதி வீடு வந்து இறங்கின மன்ச்கின் நாடு நீலம், விங்கி நாடு மஞ்சள். படத்திலும் அப்படியே தொடர்கிறது. காசு செலவழிக்க மனசில்லை என்றால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. போனில் படிக்கலாம், பசங்க நாலு பேர் எட்டிப் பார்க்கிறபோதுதான் கஷ்டம்.

என் மார்க்கு அஞ்சுக்கு நாலு. பீங்கான் ஊருக்கும் முட்டுத் தலையன்களுக்கும் ஒன்று கழித்தேன்.

பாம் இதே ஓஸ் நாட்டை வைத்து மேலும் பதிமூணு நாவல் எழுதியிருக்கிறார். 1904-ல் வந்த ரெண்டாவதில் பொம்மையும் தகரக்காரனும் உண்டு, டோரதி கிடையாது. இதைப் பசங்களிடம் இன்னும் சொல்லவில்லை. புத்தகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் முதல் அத்தியாயத்தை நான் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்கு எடுத்து வருவேன்.